பாரசீக வரலாற்றெழுத்து மரபு

பாரசீக வரலாற்றெழுத்து மரபு என்பது, கி.பி. 10 ஆம் நூற்றாண்டு முதல் 19 ஆம் நூற்றாண்டு வரை ஈரான், நடு ஆசியா, ஆப்கானிஸ்தான், இந்தியத் துணைக்கண்டம் ஆகிய பகுதிகளை ஆண்ட முஸ்லிம் அரசுகளில், பாரசீக மொழியில் வரலாறு எழுதப்பட்டு வந்த முறையைக் குறிக்கும். இவ்வரசுகளை ஆண்டவர்களுள் பெரும்பாலோர் துருக்கிய அல்லது மங்கோலிய வழியினர் ஆவர். பாரசீகம் அவர்களது தாய்மொழி அன்று. எனினும் அவர்களுடைய அரசு அலுவலகங்கள் பாரசீகத்திலேயே இயங்கின. கடிதம், கணக்கு, ஆணை ஆகியவற்றை எழுதிய அதே எழுத்தர் குழுவினரிடமிருந்தே வரலாற்று நூல்களும் தோன்றின.

இந்நூல்களை எழுதியோர் பெரும்பாலும் அரண்மனைக்கு நெருக்கமானவர்கள். இந்த நெருக்கமே இம்மரபின் வலிமையாகவும் குறையாகவும் அமைந்தது. அரசு ஆவணங்களைப் பார்க்கவும், நிகழ்வுகளில் பங்கு கொண்டோரிடம் நேரில் கேட்கவும் அவர்களால் முடிந்தது. அதே வேளை, புரவலரைப் புகழ வேண்டிய கடமையும், ஆட்சி மாறினால் பதவி, உடைமை, சில வேளைகளில் உயிர் ஆகியவற்றையே இழக்கக்கூடிய நிலையும் அவர்களுக்கு இருந்தன. தில்லி சுல்தானகம், முகலாயப் பேரரசு ஆகியவை பற்றி இன்று பாடநூல்களில் காணப்படும் செய்திகளுள் பெரும்பகுதி இந்நூல்களிலிருந்து பெறப்பட்டதாகும். எனவே, ஒரு செய்தியை யார், யாருக்காக, எப்போது எழுதினார் என்பதை அறியாமல் அச்செய்தியின் மதிப்பை அளவிட இயலாது.

சொல்லும் வகைகளும்

வரலாற்றைக் குறிக்கப் பாரசீகத்தில் வழங்கும் தாரிக் என்னும் சொல் அரபு மொழியிலிருந்து பெறப்பட்டது. இச்சொல் 'நாள்', 'காலக் குறிப்பு', 'வரலாறு' ஆகிய பொருள்களைத் தரும். நூல்களின் பெயர்களில் காணப்படும் நாமா என்பது 'நூல்' அல்லது 'ஏடு' எனப் பொருள்படும். இம்மரபின் நூல்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்:

- உலக வரலாறுகள்: உலகப் படைப்பில் தொடங்கி, இறைத்தூதர்கள், பண்டைய ஈரானிய அரசர்கள், கலீபாக்கள் வழியாக நூலாசிரியரின் காலம் வரை வருபவை.
- அரச மரபு வரலாறுகள்: ஓர் அரசரையோ ஒரு மரபையோ மட்டும் பேசுபவை.
- தபகாத்: 'அடுக்குகள்' எனப் பொருள்படும். அரச மரபுகளை அல்லது நாடுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனிப் பகுதிகளில் கூறுபவை.
- செய்யுள் வரலாறுகள்: 1010 ஆம் ஆண்டளவில் ஃபிர்தௌசி நிறைவு செய்த ஷா நாமா காப்பியத்தை முன்மாதிரியாகக் கொண்டவை.
- நினைவுக் குறிப்புகள்: அரசரோ, அரச குடும்பத்தாரோ, பணியாளரோ தாம் கண்டவற்றைக் கூறுபவை.

வரலாற்று நூல் ஒரு பதிவாக மட்டும் கருதப்படவில்லை. ஆள்வோருக்கு அறிவுரை வழங்கும் கருவியாகவும் அது கருதப்பட்டது. செல்ஜூக் அரசின் அமைச்சரான நிஜாம் அல்-முல்க் (இறப்பு 1092) எழுதிய சியாசத் நாமா போன்ற அறிவுரை நூல்கள், அரசியல் நெறியை விளக்குவதற்குப் பழைய அரசர்களின் கதைகளையே எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தின. இதனால் வரலாற்று நூல்களிலும் அரசர்களின் உரையாடல்கள், அறிவுரைகள் முதலியன நீளமாக இடம்பெறுகின்றன. இவை சொல்லுக்குச் சொல் பதிவு செய்யப்பட்டவை அல்ல. நூலாசிரியரின் அரசியற் கருத்துகளே பெரும்பாலும் அரசர்களின் வாய்மொழியாக வெளிப்படுகின்றன.

தோற்றம்

தொடக்க கால இஸ்லாமிய வரலாற்று நூல்கள் அரபு மொழியில் எழுதப்பட்டன. அவற்றுள் முதன்மையானது, 923 இல் இறந்த தபரி என்பவரின் உலக வரலாறு ஆகும். தபரி ஒரே நிகழ்வுக்குக் கிடைத்த பல வடிவங்களையும் அருகருகே தருவார். ஒவ்வொரு செய்தியும் யார் வழியாக யாரிடமிருந்து வந்தது என்னும் அறிவிப்பாளர் வரிசையையும் குறிப்பிடுவார்.

புகாராவைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சாமானிய மரபின் அமைச்சர் பல்அமி, அரசர் முதலாம் மன்சூரின் ஆணைப்படி 963 இல் இந்நூலைப் பாரசீகத்தில் ஆக்கத் தொடங்கினார். இது நேரடி மொழிபெயர்ப்பு அன்று. அறிவிப்பாளர் வரிசைகள் நீக்கப்பட்டன. மாறுபட்ட வடிவங்களுக்குப் பதிலாகத் தொடர்ச்சியான ஒரே கதை தரப்பட்டது. ஈரான் தொடர்பான செய்திகள் சேர்க்கப்பட்டன. இதனால் நூல் படிப்பதற்கு எளிதாயிற்று. ஆனால், செய்தியின் மூலத்தைச் சரிபார்க்கும் வழி வாசகருக்கு இல்லாமற் போயிற்று. பின்வந்த பாரசீக நூல்களுட் பலவும் இந்த முறையையே பின்பற்றின.

11 ஆம் நூற்றாண்டில் கஜினியைத் தலைநகராகக் கொண்ட கஸ்னவி அரசில் வாழ்ந்த அபுல் ஃபஸ்ல் பைஹகி (995–1077) இம்மரபின் சிறந்த எழுத்தாளர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார். இவர் அரசின் கடிதத் துறையில் நீண்ட காலம் பணியாற்றினார். இவருடைய நூல் ஏறத்தாழ 30 தொகுதிகளைக் கொண்டிருந்ததாகக் கூறப்படுகிறது. இன்று எஞ்சியிருப்பது, கஜினி முகமதின் மகன் முதலாம் மசூதின் ஆட்சிக்காலத்தை (1030–1041) விளக்கும் பகுதி மட்டுமே. பைஹகி தாம் எழுதிய கடிதங்களின் படிகளையும் குறிப்புகளையும் சேர்த்து வைத்திருந்தார். அவற்றுட் பல தம்மிடமிருந்து பறிபோய் அழிந்ததை அவர் வருத்தத்துடன் பதிவு செய்துள்ளார்.

1032 இல் முன்னாள் அமைச்சர் ஹசனக் தூக்கிலிடப்பட்டதை விளக்கும் பகுதி இந்நூலில் பெயர்பெற்றதாகும். பைஹகி இதனை நிகழ்வு நடந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின், அதில் தொடர்புடையோர் பெரும்பாலும் இறந்துவிட்ட நிலையில் எழுதினார். ஹசனக்கின் வீழ்ச்சிக்கு முனைந்து நின்ற அலுவலரால் தாமும் துன்புற்றதாகவும், ஆயினும் அவரைப் பற்றிப் பழிவாங்கும் நோக்குடன் எழுதப் போவதில்லை என்றும் பைஹகி முன்கூட்டியே அறிவிக்கிறார். எழுதுபவர் தமது சார்பை வாசகருக்குத் தெரிவித்துவிட்டு எழுதும் இப்பண்பு அக்கால நூல்களில் அரிதானது.

மங்கோலியர் காலம்

13 ஆம் நூற்றாண்டின் மங்கோலியப் படையெடுப்புகள் நடு ஆசியாவையும் ஈரானையும் பெரும் அழிவுக்கு உள்ளாக்கின. 1258 இல் பாக்தாத் வீழ்ந்தது. எனினும் பாரசீக வரலாற்றெழுத்து பெரும் வளர்ச்சி கண்டதும் இக்காலத்திலேயே ஆகும்.

ஏறத்தாழ ஒரே காலத்தில், 1260 ஐ ஒட்டி, இரு நூல்கள் மங்கோலியரைப் பற்றி எழுதப்பட்டன. ஒன்று அதா மாலிக் ஜுவைனி (1226–1283) எழுதிய தாரிக்-இ-ஜஹான்குஷா ஆகும். இதன் பெயர் 'உலகை வென்றவரின் வரலாறு' எனப் பொருள்படும். ஜுவைனி மங்கோலிய அரசின் அலுவலர். 1256 இல் ஹுலாகு கான் அலமுத் கோட்டையைக் கைப்பற்றியபோது உடனிருந்து, அங்கிருந்த நூலகத்தைப் பார்வையிட்டு, ஒரு பகுதி நூல்களைக் காப்பாற்றி, ஏற்கத்தகாதவை எனத் தாம் கருதியவற்றை எரிக்கச் செய்தார். 1259 முதல் பாக்தாதின் ஆளுநராகவும் இருந்தார். இவருடைய நூல் அலமுத்தின் வீழ்ச்சியுடன் முடிகிறது. பாக்தாதின் வீழ்ச்சியை அது கூறுவதில்லை.

மற்றொன்று மின்ஹாஜ் ஜுஸ்ஜானி எழுதிய தபகாத்-இ-நாசிரி ஆகும். ஜுஸ்ஜானி மங்கோலியருக்கு அஞ்சி இன்றைய ஆப்கானிஸ்தானின் கோர் பகுதியிலிருந்து வெளியேறி, 1227 இல் சிந்துவெளிப் பகுதியிலுள்ள உச் நகரை அடைந்து, பின்னர் தில்லியில் தலைமைக் காஜியாக (நீதிபதியாக) விளங்கியவர். மங்கோலியரின் ஆட்சிக்கு வெளியே இருந்ததால், செங்கிஸ் கானைச் சபிக்கப்பட்டவன் என்றே இவர் குறிப்பிடுகிறார். ஜுவைனியோ, நகரங்கள் அழிந்ததை மறைக்காமல் கூறினாலும், மங்கோலியரின் வெற்றியை இறைவனின் திட்டத்தின் ஒரு பகுதியாக விளக்க முயல்கிறார். இருவரும் முஸ்லிம் அறிஞர்கள். இருவரும் ஒரே அழிவைப் பற்றியே எழுதினர். அவர்கள் அமர்ந்து எழுதிய இடமே வேறு.

இக்காலத்தின் மிகப் பெரும் முயற்சி ரஷீத் அல்-தீன் ஹமதானி (ஏறத்தாழ 1247–1318) தொகுத்த ஜாமி அல்-தவாரிக் ஆகும். இதன் பெயர் 'வரலாறுகளின் தொகுப்பு' எனப் பொருள்படும். யூதக் குடும்பத்திற் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய இவர் மருத்துவராகவும், ஈரானை ஆண்ட மங்கோலிய மரபான இல்கான்களின் அமைச்சராகவும் இருந்தார். கஜான் கானின் (ஆட்சி 1295–1304) ஆணைப்படி மங்கோலியரின் வரலாறாகத் தொடங்கிய இந்நூல், அடுத்து வந்த ஒல்ஜைத்துவின் காலத்தில் விரிவாக்கப்பட்டது. சீனர், இந்தியர், யூதர், ஐரோப்பியர் ஆகியோரின் வரலாறுகளும் இதில் இடம்பெற்றன. மங்கோலியர் பற்றிய செய்திகளுக்குப் போலாத் என்னும் மங்கோலிய உயர் அலுவலரும், இந்தியா, புத்தர் பற்றிய செய்திகளுக்குக் காஷ்மீரைச் சேர்ந்த கமலசிறீ என்னும் பௌத்தத் துறவியும் துணைநின்றனர். ஒவ்வொரு மக்களின் வரலாற்றையும் அம்மக்கள் கூறுகின்றவாறே எழுத வேண்டும் என்பது ரஷீத் அல்-தீனின் நிலைப்பாடு ஆகும்.

தமது நூல்கள் அழிந்துவிடக் கூடாது என்பதில் ரஷீத் அல்-தீன் மிகுந்த அக்கறை கொண்டிருந்தார். தப்ரீஸ் நகருக்கு அருகில் ரப்-இ-ரஷீதி என்னும் அறநிலையத்தை நிறுவி, ஆண்டுதோறும் தம் நூல்களைப் பாரசீகத்திலும் அரபியிலும் படியெடுக்க ஏற்பாடு செய்தார். ஆனால், ஒல்ஜைத்துவுக்கு நஞ்சூட்டியதாகக் குற்றஞ் சாட்டப்பட்டு 1318 இல் கொல்லப்பட்டார். அறநிலையம் சூறையாடப்பட்டது. அங்கே உருவான ஓவியங்களுடன் கூடிய அரபுப் படியின் ஒரு பகுதி இன்று எடின்பரோ பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது.

தில்லி சுல்தானகம்

தில்லி சுல்தானகத்தின் (1206–1526) வரலாற்றுக்கு முதன்மைச் சான்றாக விளங்குபவர் ஜியாவுத்தீன் பரணி ஆவார். இவரது குடும்பத்தினர் அரசுப் பணியில் இருந்தவர்கள். இவரின் சிற்றப்பா அலாவுல் முல்க், அலாவுதீன் கில்ஜியின் காலத்தில் தில்லி நகரின் கொத்வால் (நகரக் காவல் தலைவர்) ஆக இருந்தார். பரணி 17 ஆண்டுகளுக்கு மேல் முகமது பின் துக்ளக்கின் அவைத் தோழராக இருந்தார். 1351 இல் பெரோஸ் ஷா துக்ளக் அரியணை ஏறியதும் பதவி இழந்து, சில காலம் சிறைவைக்கப்பட்டு, வறுமையில் வாழ்ந்தார். அந்நிலையில், 1357 இல், தமது 74 ஆம் அகவையில் தாரிக்-இ-பெரோஸ் ஷாஹி என்னும் நூலை நிறைவு செய்தார். புதிய சுல்தானின் பெயரையே நூலுக்கு இட்டது, இழந்த ஆதரவை மீண்டும் பெறும் நோக்கத்தாலும் ஆகும்.

இந்நூல் பெரும்பாலும் நினைவிலிருந்து எழுதப்பட்டது. ஆண்டுகள் குறைவாகவே தரப்பட்டுள்ளன. தரப்பட்டவற்றிலும் பிழைகள் உள்ளன. எனினும் அலாவுதீன் கில்ஜியின் சந்தைக் கட்டுப்பாடு பற்றி இந்நூல் தரும் செய்திகள் வேறெங்கும் இவ்வளவு விரிவாகக் கிடைப்பதில்லை. கோதுமை ஒரு மணங்கு ஏழரை ஜித்தல், பார்லி நான்கு ஜித்தல், அரிசி ஐந்து ஜித்தல் என்பன போன்ற விலைகள் இதில் உள்ளன. உயர்குடியிற் பிறவாதோர் அரசுப் பதவிகளைப் பெறுவதைப் பரணி கடுமையாக வெறுத்தார். முகமது பின் துக்ளக் மீது அவர் சுமத்தும் குற்றச்சாட்டுகளுள் இதுவும் ஒன்றாகும். இவ்வெறுப்பை நூல் முழுவதிலும் காணலாம்.

இதே முகமது பின் துக்ளக்கைப் பற்றி எழுதிய மற்றொருவர் இசாமி. 1327 ஐ ஒட்டி தில்லி மக்கள் தக்காணத்திலுள்ள தௌலதாபாதுக்கு இடம்பெயரச் செய்யப்பட்டபோது, இவருடைய முதிய பாட்டனார் வழியிலேயே இறந்தார். இசாமி பின்னர் துக்ளக்குக்கு எதிராகக் கிளர்ந்து தனியரசு அமைத்த பாமினி சுல்தானின் ஆதரவில், 1350 இல் ஃபுதூஹ்-உஸ்-சலாதீன் என்னும் செய்யுள் வரலாற்றை எழுதினார். தில்லி முழுவதும் வெறுமையாக்கப்பட்டது என்பது இவரது கூற்று. ஆனால், தில்லிப் பகுதியில் கிடைத்த 1327, 1328 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த இரு சமற்கிருதக் கல்வெட்டுகள், அங்கே மக்கள் வழக்கம்போல் வாழ்ந்து அறப்பணிகள் செய்து வந்ததைக் காட்டுகின்றன. எனவே, இடம்பெயரச் செய்யப்பட்டோர் முதன்மையாக அலுவலர், அறிஞர், சூஃபியர் முதலிய மேல்தட்டினரே என்று இன்றைய ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இசாமியின் துயரம் உண்மையானது. அதனை நகரம் முழுமைக்கும் விரித்தது அவரது நூலின் நோக்கம்.

ஒரு படையெடுப்பு, இரு கணக்குகள்

இந்நூல்களிலுள்ள எண்களை எவ்வாறு அணுக வேண்டும் என்பதற்கு, தமிழக வரலாற்றோடு தொடர்புடைய ஒரு நிகழ்வு நல்ல எடுத்துக்காட்டாகும். அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காபூர் 1310 நவம்பரில் தில்லியிலிருந்து புறப்பட்டு, போசளரின் துவாரசமுத்திரத்தையும், பின்னர் பாண்டிய நாட்டையும் தாக்கி, 1311 அக்டோபரில் தில்லி திரும்பினார். பாரசீக நூல்கள் தமிழகத்தின் கடற்கரைப் பகுதியை மஅபர் என அழைக்கின்றன.

கவிஞர் அமீர் குஸ்ரு, படை திரும்பிய சிறிது காலத்திலேயே கஜாயின்-உல்-ஃபுதூஹ் என்னும் உரைநடை நூலில் இப்படையெடுப்பை விவரித்தார். அவர் அலாவுதீனின் அவைக்கவிஞர். கைப்பற்றப்பட்டவை 512 யானைகள், 5,000 குதிரைகள், 500 மணங்கு அணிமணிகள் என அவர் கூறுகிறார். ஏறத்தாழ 46 ஆண்டுகள் கழித்து எழுதிய பரணியோ 612 யானைகள், 20,000 குதிரைகள், 96,000 மணங்கு பொன், பல பேழை மணிகள் எனக் கணக்குத் தருகிறார். யானைகளின் எண்ணிக்கை நூறு மட்டுமே வேறுபட, குதிரைகள் நான்கு மடங்காகியுள்ளன. மணங்கு என்னும் நிறையளவும் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறுபட்டது. ஆகவே 96,000 மணங்கு என்பதை இன்றைய நிறையளவுக்கு மாற்றி ஒரு தொகையைக் கூறுவது பொருளற்றதாகும்.

முன்னதாக எழுதப்பட்டது என்பதால் குஸ்ருவின் நூலையும் அப்படியே ஏற்க இயலாது. அது வெற்றியைப் புகழ்வதற்காகவே இயற்றப்பட்டது. ஒவ்வொரு பத்தியும் நீர், நெருப்பு, சதுரங்கம் போன்ற ஏதேனும் ஒரு பொருளைச் சார்ந்த உவமைகளால் மட்டுமே கட்டப்பட்டுள்ளது. உவமைக்குப் பொருந்தாத செய்தி விடுபடவும், பொருந்தும் செய்தி பெருகவும் இதில் இடமுண்டு. ஆயினும் புறப்பட்ட நாள், தங்கிய இடங்கள், திரும்பிய நாள் ஆகியவற்றை அவர் வரிசையாகத் தருகிறார். பெருமழையால் படை தடைப்பட்டதையும், வீரபாண்டியன் கையில் அகப்படாமல் இடம் மாறிக்கொண்டே இருந்ததையும் மறைக்காமல் கூறுகிறார். வெற்றிப் புகழ்ச்சிக்கு உதவாத இத்தகைய செய்திகளே வரலாற்றாய்வாளருக்குக் கூடுதல் நம்பிக்கை தருவன.

தைமூரியரும் சபாவியரும்

1398 இல் தில்லியைச் சூறையாடிய தைமூர், தமது வெற்றிகளைத் தெளிவான நடையில் எழுதுமாறு நிஜாம் அல்-தீன் ஷாமியைப் பணித்தார். ஷாமியின் ஜஃபர் நாமா 1404 இல் நிறைவுற்றது. தைமூர் இறந்த பின், ஷரஃப் அல்-தீன் அலி யஸ்தி அதே பெயரில் மிகவும் அலங்காரமான நடையில் மற்றொரு நூலை 1420களில் எழுதினார். பிற்காலத்தவர் எளிய நூலைவிட அலங்கார நூலையே பெரிதும் விரும்பிப் படியெடுத்தனர்.

தைமூரின் வழிவந்தோரின் ஹெராத் நகரில் ஹாஃபிஸ்-இ-அப்ரு, மீர்கவாந்த் (1433–1498), அவரின் மகள்வழிப் பேரர் கவாந்தமீர் ஆகியோர் பெரும் உலக வரலாறுகளை எழுதினர். கவாந்தமீர் தமது இறுதிக் காலத்தில் இந்தியாவுக்கு வந்து பாபர், ஹுமாயூன் ஆகியோரின் அவைகளில் இருந்தார். ஹெராத்தின் எழுத்து மரபு முகலாய அவைக்கு வந்த வழிகளுள் இதுவும் ஒன்றாகும். ஈரானில் சபாவிய மரபின் முதலாம் ஷா அப்பாஸ் காலத்தை இஸ்கந்தர் பேக் முன்ஷி விரிவாக எழுதினார். அந்நூல் 1629 இல் நிறைவுற்றது.

முகலாயப் பேரரசு

அக்பர் (ஆட்சி 1556–1605) வரலாறெழுதுவதை அரசின் ஒழுங்கமைந்த பணியாக்கினார். அவருடைய அமைச்சரும் நண்பருமான அபுல் ஃபசல் (1551–1602) அக்பர் நாமாவை எழுத, அரசு ஆவணங்கள் திரட்டப்பட்டன. பழைய நிகழ்வுகளை அறிந்தோர் தம் நினைவுகளை எழுதித் தருமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். பாபரின் மகள் குல்பதன் பேகம், ஹுமாயூனின் நீர்க்குவளைப் பணியாளராக இருந்த ஜவ்ஹர் ஆகியோரின் நினைவுக் குறிப்புகள் இவ்வாறு உருவானவை. குல்பதன் பேகத்தின் ஹுமாயூன் நாமா, அரண்மனைப் பெண்களின் வாழ்வை உள்ளிருந்து காட்டும் அரிய நூலாகும். முடிவுப் பகுதி இல்லாத ஒரே ஒரு கையெழுத்துப் படியாக அது இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது.

அக்பர் நாமாவின் மூன்றாம் பகுதியான அயினி அக்பரி, மாகாணங்களின் வருவாய், நிலவரி, படை, விலைகள், பயிர்கள், மக்களின் சமயங்கள் ஆகியவற்றைப் புள்ளிவிவரங்களுடன் தருகிறது. ஆயினும் அபுல் ஃபசலின் பார்வையில் அக்பர் தவறு செய்யாதவர், இறையொளி பெற்றவர். இதற்கு நேர்மாறான நூலை அதே அவையிலிருந்த அப்துல் காதிர் பதாயுனி எழுதினார். அக்பரின் ஆணைப்படி மகாபாரதம், இராமாயணம் ஆகியவற்றின் பாரசீக மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட இவர், அரசரின் சமயக் கொள்கையை வெறுத்தார். தமது முன்தகப்-உத்-தவாரிக் நூலை மறைவாகவே எழுதி வைத்தார். ஜஹாங்கீர் காலத்திலேயே அது வெளிப்பட்டது. அக்பரின் சமயக் கொள்கையை ஆய்வோர் இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்பது இன்றியமையாதது.

1602 இல் அபுல் ஃபசல், இளவரசர் சலீமின் தூண்டுதலால் பீர் சிங் பந்தேலாவின் ஆட்களாற் கொல்லப்பட்டார். சலீம் பின்னர் ஜஹாங்கீர் என்னும் பெயரில் அரியணை ஏறி எழுதிய நினைவுக் குறிப்பில், இதனைத் தாமே ஒப்புக்கொண்டுள்ளார். ஷாஜஹானின் ஆட்சியை அப்துல் ஹமீது லாஹோரி பாதுஷா நாமாவில் பதிவு செய்தார். ஔரங்கசீப்பின் முதற் பத்தாண்டுகளுக்கு ஆலம்கீர் நாமா எழுதப்பட்டது. அதன் பின் அதிகாரமுறை வரலாற்றை எழுதுவதை அவர் நிறுத்திவிட்டார். எஞ்சிய காலத்தை, அவரது இறப்புக்குப் பின் சாகி முஸ்தைத் கான் எழுதினார்.

இம்மரபு முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. பாரசீகம் கற்று அரசுப் பணிபுரிந்த காயஸ்தர் முதலிய இந்துக்களும் வரலாறு எழுதினர். பீம்சேன் எழுதிய நுஸ்கா-இ-தில்குஷா, ஈஸ்வர்தாஸ் நாகர் எழுதிய ஃபுதூஹாத்-இ-ஆலம்கீரி ஆகியவை ஔரங்கசீப் காலத்துக்கு முக்கியமான சான்றுகள். அரச ஆணையின்றி எழுதப்பட்டதால், படையினரின் இடர்ப்பாடு, உழவரின் துன்பம் முதலியவற்றைப் பீம்சேன் வெளிப்படையாகக் கூறுகிறார்.

காலக் கணிப்பு

இந்நூல்கள் பெரும்பாலும் ஹிஜ்ரி ஆண்டைப் பயன்படுத்துகின்றன. ஹிஜ்ரி ஆண்டு சந்திர ஆண்டாதலால் 354 அல்லது 355 நாட்களை மட்டுமே கொண்டது. ஏறத்தாழ 33 ஹிஜ்ரி ஆண்டுகள் 32 சூரிய ஆண்டுகளுக்குச் சமமாகும். எடுத்துக்காட்டாக, ஹிஜ்ரி 711 ஆம் ஆண்டு 1311 மே மாதத்தில் தொடங்கி 1312 மே மாதத்தில் முடிந்தது. எனவே மாதம் தரப்படாத ஹிஜ்ரி ஆண்டு ஒன்றை ஒரே ஒரு கிறித்தவ ஆண்டாக மாற்றுவது தவறாக முடியலாம். அறுவடையும் வரி வசூலும் சூரிய ஆண்டைச் சார்ந்தவை என்பதால், அக்பர் 1584 இல் இலாஹி என்னும் சூரிய ஆண்டு முறையை அறிமுகப்படுத்தினார்.

நிகழ்வின் ஆண்டைச் சொற்றொடருக்குள் மறைத்து வைக்கும் வழக்கமும் இருந்தது. அப்ஜத் எனப்படும் இம்முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. எழுத்துகளின் மதிப்பைக் கூட்டினால் ஆண்டு கிடைக்கும். ஹுமாயூன் படிக்கட்டில் தவறி விழுந்து ஹிஜ்ரி 963 இல் (1556 சனவரி) இறந்தார். அவர் மாடியிலிருந்து விழுந்ததைக் கூறும் பெயர்பெற்ற தொடரின் எழுத்துகளைக் கூட்டினால் 962 வருகிறது. தொடரின் நயத்துக்காக ஓராண்டுப் பிழை பொறுத்துக்கொள்ளப்பட்டது.

தமிழகம் பற்றிய செய்திகள்

குஸ்ரு, பரணி தவிர வேறு சிலரும் தமிழகத்தைப் பற்றிய செய்திகளைத் தந்துள்ளனர். 14 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈரானின் ஃபார்ஸ் மாகாணத்தில் வரித்துறை அலுவலராக இருந்த வஸ்ஸாஃப், பாரசீக வளைகுடாவிலிருந்து மஅபருக்கு நடைபெற்ற குதிரை வணிகத்தை விவரிக்கிறார். ஆண்டுக்கு 10,000 குதிரைகள் ஏற்றுமதியானதாகவும், ஒரு குதிரையின் விலை 220 தீனார் எனவும் அவர் குறிப்பிடுகிறார். பாண்டிய அரசில் அரபு வணிகர் குடும்பம் ஒன்று பெற்றிருந்த உயர்ந்த நிலையும், சுந்தரபாண்டியன், வீரபாண்டியன் ஆகியோரிடையே ஏற்பட்ட அரியணைப் போட்டியும் அவரது நூலில் இடம்பெறுகின்றன. பாண்டியர் கல்வெட்டுகள் இத்தகைய குடும்பப் பூசல்களைக் கூறுவதில்லை.

முகலாயப் படைகள் 1690 முதல் 1698 வரை செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டபோது பீம்சேன் படையுடன் இருந்தார். தாம் கண்ட ஊர்கள், கோயில்கள், மக்களின் வழக்கங்கள் பற்றிய குறிப்புகளை அவர் எழுதியுள்ளார். 18 ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபான முகமது அலி வாலாஜாவின் வரலாறு, துசுக்-இ-வாலாஜாஹி என்னும் பெயரில் புர்ஹான் என்பவரால் பாரசீகத்தில் எழுதப்பட்டது. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பை எஸ். முகமது உசைன் நயினார் செய்ய, சென்னைப் பல்கலைக்கழகம் 1934 இல் முதற் பகுதியை வெளியிட்டது.

ஆங்கிலேயர் காலமும் மொழிபெயர்ப்புகளும்

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1837 இல் பாரசீகத்தை அலுவல் மொழி என்னும் நிலையிலிருந்து நீக்கியது. அதன் பின் இம்மரபு இந்தியாவில் விரைவாகத் தேய்ந்தது. பாரசீகம் அறியாத வாசகர்களுக்கு இந்நூல்கள் மொழிபெயர்ப்பு வழியாகவே தெரியவந்தன. அவற்றுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றது, எச். எம். எலியட் தொகுத்து, அவர் 1853 இல் இறந்த பின் ஜான் டௌசன் பதிப்பித்து, 1867 முதல் 1877 வரை 8 தொகுதிகளாக வெளிவந்த தொகுப்பாகும்.

எலியட் தமது நோக்கத்தை 1849 இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில் வெளிப்படையாகக் கூறினார். முந்தைய ஆட்சியாளரின் கொடுமைகளை அறிந்தால், பிரித்தானிய ஆட்சியின் நன்மையை இந்தியர் உணர்வர் என்பது அவர் கருத்து. அதற்கேற்ப, போர், கொள்ளை, சமயப் பகை ஆகியவை கூடுதலாகத் தெரிந்தெடுக்கப்பட்டன. அமீர் குஸ்ருவின் உவமைகள் பல சுருக்கப்பட்டு, அலங்காரம் நீங்கிய நேரடிச் செய்திகள் போலத் தோற்றமளித்தன. அரசவைப் புலவர் தம் புரவலரை உயர்த்துவதற்காகச் செய்த மிகை, அவ்வரசருக்கு எதிரான சாட்சியமாக மாறியது. எஸ். எச். ஹோடிவாலா 1939 இல் இத்தொகுப்பின் பிழைகளைத் திருத்தும் விரிவான ஆய்வை வெளியிட்டார். முகமது ஹபீப், குஸ்ருவின் நூலைத் தனியாக மொழிபெயர்த்து 1931 இல் வெளியிட்டார். ஆயினும் எலியட்–டௌசன் தொகுப்பின் பகுதிகள் இன்றும் சூழல் நீக்கப்பட்டு மேற்கோள் காட்டப்பட்டு வருகின்றன.

சான்றாகப் பயன்படுத்தும் முறை

இந்நூல்களை அணுகுவதில் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. கோயில் இடிப்பு, படுகொலை, கொள்ளைப் பொருள் பற்றிய ஒவ்வொரு கூற்றையும் எண்ணையும் அப்படியே உண்மை எனக் கொள்வது ஒன்று. இவையனைத்தும் வெறும் அலங்காரமே எனத் தள்ளிவிடுவது மற்றொன்று. மாலிக் காபூர் தமிழகக் கோயில்களைக் கொள்ளையிட்டது மிகையன்று. பரணி தரும் பொன்னின் நிறை சரிபார்க்க இயலாதது. இரண்டும் ஒரே பத்தியிலேயே இருக்கக்கூடும்.

வரலாற்றாய்வாளர் பொதுவாகப் பின்வரும் வினாக்களை எழுப்புகின்றனர்:

- நூலாசிரியர் நிகழ்வை நேரிற் கண்டாரா, பிறரிடம் கேட்டாரா, முந்தைய நூலிலிருந்து எடுத்தாரா?
- நிகழ்வுக்கும் எழுதியதற்கும் இடையே எவ்வளவு காலம் கழிந்தது?
- நூல் யாருக்குப் படைக்கப்பட்டது? எழுதும்போது ஆசிரியர் பதவியில் இருந்தாரா, அதனை இழந்திருந்தாரா?
- கூறப்படும் செய்தி புரவலருக்கு நன்மை தருவதா, அல்லது அவருக்கு உதவாத செய்தியா?
- கல்வெட்டு, நாணயம், அகழாய்வு, பிறமொழி நூல்கள் ஆகியவற்றுள் ஏதேனும் அதனை உறுதிப்படுத்துகிறதா?
- படிக்கப்படுவது மூலநூலா, மொழிபெயர்ப்பா, மொழிபெயர்ப்பின் சுருக்கமா?

இந்திய வரலாற்றைப் பொறுத்தவரை, பாரசீக நூல்களும் கல்வெட்டுகளும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. கல்வெட்டு தான் பொறிக்கப்பட்ட ஊரையும் நாளையும் உறுதியாகக் காட்டும். நிகழ்வுக்கான காரணத்தைப் பெரும்பாலும் கூறாது. பாரசீக நூல் காரணத்தையும் மனிதரின் இயல்பையும் விரித்துரைக்கும்; எண்ணிலும் நாளிலும் தவறக்கூடும். முகமது பின் துக்ளக்கின் தில்லி பற்றி இசாமியின் செய்யுளும் இரு சமற்கிருதக் கல்வெட்டுகளும் சேர்ந்து தரும் தெளிவை, அவற்றுள் எந்த ஒன்றும் தனித்துத் தருவதில்லை.